ஏடிஏ கார்னெட்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு சொல்லத் தோன்றுவது

சென்னையிலிருந்து கேமரா, லென்ஸ், லைட் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வெளிநாட்டுக்குப் போகும் சின்ன யூனிட்களுக்குப் புரொடக்‌ஷன் வேலை பார்க்கிறேன். விளம்பரப் படம், ஆவணப்படம், எப்போதாவது ஒரு பாட்டு. கஸ்டம்ஸ் வேலை என் தலையில்தான் விழும், அதனால் ஏடிஏ கார்னெட்டோடு பல வருடப் பழக்கம். "அது தேவையா, சும்மா தொல்லைதானே?" என்று புதிதாகக் கிளம்புகிறவர்கள் கேட்கிறார்கள். தேவைதான். ஆனால் ஒரு நாட்டுக்குள் நுழையும்போது அது தருகிற சுகத்தை வைத்து அதை எடை போடாதீர்கள். காசு கைவிட்டுப் போவது வெளியேறும் வாசலில்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வாடகைக் கேமராவை இன்னொரு நாட்டுக்குள் கொண்டுபோனால், அந்த ஊர்க் கணக்கில் அது இறக்குமதி. வரி கட்டு, அல்லது அதற்கு ஈடாகப் பணம் வை என்பார்கள். "விற்க வரவில்லை, வேலை முடிந்ததும் திருப்பிக் கொண்டுபோய்விடுவோம்" என்பதற்கு உத்தரவாதம் நிற்கும் சிட்டைதான் கார்னெட். 1961இல் பிரஸ்ஸல்ஸில் போட்ட உடன்படிக்கையில் வந்தது. 1990இன் இஸ்தான்புல் உடன்படிக்கை அதன் மேல் கட்டியது. இந்தியாவில் கொடுப்பது ஃபிக்கி என்ற வணிக, தொழில் கூட்டமைப்பு. அதிகபட்சம் ஒரு வருடம் செல்லும், அதற்குள் பல நாடு, பல பயணம் போகலாம். சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம், ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான் எல்லாம் ஏற்றுக்கொள்கின்றன. பக்கத்தில் இருக்கும் நேபாளம் இந்த ஏற்பாட்டில் இல்லை. அங்கே உள்ளூர் ஏஜென்ட் பிடித்து, பாண்ட் எழுதிக் கொடுத்து உள்ளே போகிற பழைய வழிதான்.

கட்டணம் பெரிய சுமை இல்லை. தயாரிப்பாளர் முகம் சுளிப்பது செக்யூரிட்டிக்கு, அதாவது பிணைக்கு. சரக்கின் மதிப்பை வைத்துக் கேட்பார்கள். கார்னெட்டை ஒழுங்காக முடித்துத் திருப்பிக் கொடுக்கும் வரை அது முடங்கித்தான் கிடக்கும். இதை பட்ஜெட்டில் தனி ஐட்டமாகக் காட்டிவிடுங்கள், இல்லையென்றால் கடைசி வாரத்தில் உங்கள் மேல் பாயும்.

பாதி வேலை பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் விவரம், சீரியல் நம்பர், எண்ணிக்கை, எடை, மதிப்பு, எந்த நாட்டில் செய்தது என்று எழுத வேண்டும். கார்னெட் கைக்கு வந்த பிறகு ஒரு பொருளைக் கூடச் சேர்க்க முடியாது. வாடகைக் கம்பெனி அனுப்பும் பட்டியலை அப்படியே ஒட்டுகிறவர்கள் உண்டு. அதில் சிக்கல் என்னவென்றால், 50 எம்எம் லென்ஸுக்கு எதிரில் இருக்கும் நம்பர் பல நேரம் கம்பெனிக்காரர் தன் வசதிக்கு ஒட்டிய ஸ்டிக்கர் நம்பராக இருக்கும். அதிகாரி பார்ப்பது லென்ஸின் உடம்பில் பொறித்திருப்பதை. அதனால் பெட்டி கட்டுவதற்கு முந்தைய நாள் கேமரா அசிஸ்டென்ட்டை உட்கார வைத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துச் சொல்லச் சொல்வேன். "அண்ணே, மானிட்டர்ல நம்பரே அழிஞ்சு போயிருக்கு" என்று கட்டாயம் ஒரு குரல் வரும். அந்த மானிட்டருக்குப் பதில் வேறொன்றைக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. காலிப் பெட்டிகளையும் பட்டியலில் சேருங்கள். கேஃபர் டேப், லைட்டுக்கு முன்னால் மாட்டும் நிற ஜெல், தூக்கிப்போடும் பேட்டரி போன்ற தீர்ந்துபோகிற சமாச்சாரங்களைச் சேர்க்கக் கூடாது, அவை திரும்பி வரப்போவதில்லை.

சார்ஜ் போடும் பேட்டரி தனிக் கதை. உதிரி லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போட விமானக் கம்பெனி விடாது. 100 வாட்-அவர் வரை கைப்பையில் போகலாம். அதற்கு மேல் 160 வரை என்றால் அனுமதி கேட்டு ஆளுக்கு இரண்டு. அதனால்தான் கேமராவில் மாட்டும் வி-மவுண்ட் பேட்டரிகள் பலவும் 98 வாட்-அவர் என்று வருகின்றன. கார்னெட் பட்டியலிலோ எல்லாம் ஒரே சரக்கு. கஸ்டம்ஸில் பெட்டிகளைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கும்போது அதிகாரி "பேட்டரி எங்கே?" என்பார். அதைத் தோளில் மாட்டிக்கொண்ட லைட் தம்பி இமிக்ரேஷன் தாண்டி உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருப்பார். முத்திரை விழும் வரை யாரும் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது இப்போது எங்கள் யூனிட்டில் சட்டம்.

புத்தகத்துக்குள் நிறம் நிறமாகத் தாள்கள். மஞ்சள் நம் நாட்டை விட்டுப் போகவும் திரும்பி வரவும், வெள்ளை அந்த நாட்டுக்குள் நுழையவும் வெளியேறவும், நீலம் வழியில் கடந்துபோகிற நாட்டுக்கு. ஒவ்வொரு இடத்திலும் வவுச்சரைக் கிழித்து அவர்கள் வைத்துக்கொள்வார்கள், அடிக்கட்டையில் முத்திரை நம்மிடம் நிற்கும். நுழையும்போது இதெல்லாம் தானாக நடந்துவிடும். அத்தனை பெரிய பெட்டிகளைப் பார்த்தால் யாராவது நிறுத்தாமல் இருப்பார்களா? வெளியேறும்போது ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். நாமே தேடிப் போய், செக்-இன் கவுன்டரில் பெட்டி உள்ளே போவதற்கு முன்னால், கஸ்டம்ஸ் அலுவலகக் கதவைத் தட்ட வேண்டும். அது வேறு மாடியில் இருக்கும், சில ஊரில் வேறு கட்டடத்தில். விடியற்காலை விமானம் என்றால் ஆள் இருப்பார்களா என்று முந்தைய நாளே கேட்டு வைக்க வேண்டும். படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நேரம் வேறு.

சாலை வழியாகப் போனால் இன்னும் மோசம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி வேனில் சுவிட்சர்லாந்து போவது நம்மவர்கள் அடிக்கடி போடும் திட்டம். ஷெங்கன் விசா இரண்டுக்கும் ஒன்றுதான், பாஸ்போர்ட்டையும் பெரும்பாலும் பார்க்க மாட்டார்கள். ஆனால் சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கிறது. ஆளுக்கு எல்லை இல்லை, கேமராவுக்கு உண்டு. ஜெர்மன் பக்கம் வெளியேறும் முத்திரை, சுவிஸ் பக்கம் நுழையும் முத்திரை, திரும்பும்போது சுவிஸ் பக்கம் வெளியேறும் முத்திரை, ஜெர்மன் பக்கம் நுழையும் முத்திரை. கூகுள் மேப் காட்டும் கிராமத்துக் குறுக்குவழியில் போனால் கார்னெட் பார்க்கிற ஆளே இருக்க மாட்டார். சுவிஸ் எல்லை நகரமான பாசெலுக்குப் பக்கத்தில் வைல் அம் ரைன் மாதிரி சரக்கு லாரிகள் நிற்கும் பெரிய சாவடியாகப் பார்த்து, அலுவலக நேரத்தில் போங்கள். லண்டனையும் சேர்த்துத் திட்டம் போடுகிறவர்களுக்கும் இதே கணக்கு, 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டன் அந்தச் சுங்க எல்லைக்குள் இல்லை.

நுழையும் அடிக்கட்டையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு: திருப்பி எடுத்துப்போக வேண்டிய கடைசித் தேதி. கார்னெட் ஒரு வருடம் செல்லும் என்றாலும் அதைவிடக் குறைவான தேதியை அதிகாரி அங்கே எழுதலாம், எழுதினால் அதுதான் செல்லும். கவுன்டரை விட்டு நகர்வதற்கு முன் அந்தத் தேதியையும், பட்டியலின் எந்த வரிசை எண்கள் உள்ளே வந்ததாக எழுதியிருக்கிறார்கள் என்பதையும் படித்துப் பாருங்கள்.

வெளியேறும் முத்திரை விட்டுப்போனால் என்ன ஆகும்? எங்கள் யூனிட் ஒன்றுக்கு ஒரு விமான நிலையத்தில் அது நடந்தது. அலுவலகம் பூட்டியிருந்தது, விமானம் காத்திருக்காது. சென்னைக்கு வந்ததும் மஞ்சள் தாளில் திரும்பி வந்ததற்கான முத்திரையை ஒழுங்காக வாங்கினோம். விட்டுப்போன முத்திரையைக் கேட்டுப் பின்னால் கடிதம் வந்தபோது கைகொடுத்தது அதுதான். சரக்கு வேறொரு நாட்டில் இறங்கியதற்கான சுங்கப் பதிவை ஆதாரமாக ஏற்க விதியில் இடம் இருக்கிறது, தனியாக ஒரு கட்டணம் கேட்கலாம். கார்னெட் காலாவதியாகி ஒரு வருடம் வரை, முத்திரை விட்டுப்போன நாடு வரியைக் கேட்டு உரிமை கோரலாம், கோரினால் ஆதாரம் காட்ட ஆறு மாதம். அதனால் அசலை ஃபிக்கியிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அடிக்கட்டை ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, போர்டிங் பாஸ், ஏர்வே பில் என்கிற விமானச் சரக்குச் சீட்டு இவற்றோடு சேர்த்து வைத்துவிடுகிறேன்.

அப்புறம், கார்னெட் இருந்தால் எல்லாம் நடக்கும் என்று நினைக்காதீர்கள். அது வரிக்குத்தான் ஈடு. வாக்கி-டாக்கிக்கு அலைவரிசை அனுமதி தனி. ட்ரோனை நான் எடுத்துப்போவதே இல்லை: 2022 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் ட்ரோன் இறக்குமதிக்குத் தடை, திரும்பி வரும்போது அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. போகிற ஊரிலேயே பைலட்டோடு வாடகைக்கு எடுத்துவிடுவேன்.

ஒரே ஆள், சொந்தக் கேமரா, இரண்டு லென்ஸ் என்றால், கிளம்பும்போது நம் கஸ்டம்ஸில் எக்ஸ்போர்ட் சர்ட்டிஃபிகேட் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது "இதை எங்கே வாங்கினாய்?" என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். போகிற நாட்டின் கேள்விக்குப் பதில் சொல்லாது. பெட்டிகள் தள்ளுவண்டியை நிரப்புகிற அளவுக்கு வந்துவிட்டால் கார்னெட்டுக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.