லீட்கோட் ‘அரேஸ் 101’: கூடுதல் மெமரி இல்லாமல் பழக

லீட்கோட் என்ற நிரல் பயிற்சித் தளத்தின் இந்தப் பாடம், அரேயை (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியலை) இருந்த இடத்திலேயே மாற்றப் பழகுபவர்களுக்கு ஏற்றது. இதில் சத்தான கணக்கு 88-ஆம் எண், ‘மெர்ஜ் சார்ட்டட் அரே’. [1,2,3,0,0,0] உடன் [2,5,6]-ஐ ஏறுவரிசை கெடாமல் சேர்க்க வேண்டும்; பின்னாலுள்ள 0-கள் காலி இடங்கள். முன்னாலிருந்து எழுதினால், மூன்றாம் இடத்திலுள்ள 3 தன் புதிய இடத்துக்குப் போகும் முன்பே அழிந்துவிடும். அதனால் கடைசியிலிருந்து வர வேண்டும்: 3, 6 இரண்டில் பெரியதான 6 கடைசி இடத்துக்குப் போகும்; அடுத்து 5, பிறகு 3. காலி இடம் பின்னால் இருப்பதால் எதுவும் அழியாது.

பலர் சறுக்குவது வேறிடத்தில். [4,0], [1] கொடுத்துப் பாருங்கள். 4 பின்னால் போனதும் முதல் அரே தீர்ந்துவிடும். மீதமுள்ள 1-ஐ நகர்த்த மறந்தால் விடை [4,4].

பைத்தானில் (அங்கே அரேக்குப் பதில் லிஸ்ட்) விடையைப் புதிய லிஸ்ட்டாக அதே பெயரில் வைத்தால் ‘ராங் ஆன்சர்’தான், சோதிக்கப்படுவது பழைய லிஸ்ட். ஸ்லைஸ் போட்டு (பெயருக்குப் பின் [:] சேர்த்து) பழைய லிஸ்ட்டின் உள்ளேயே எழுதினால் பாஸ் ஆகும், ஆனால் ‘=’ குறிக்கு வலப்பக்கம் ஒரு நகல் உருவாகிவிடும். தளம் இதைத் தடுப்பதில்லை, அதுதான் குறை.

முடிவில் வரும், மெமரியில் எத்தனை சதவீதம் பேரை முந்தினீர்கள் என்ற கணக்கை நம்ப வேண்டாம். அதே நிரலை மறுபடி அனுப்பினாலே மாறும்!