புல்லுக்கு முழு மார்க், கூரைக்கு முட்டை

கோயமுத்தூரை ஒட்டியிருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் ஸ்டேடியம் இது. கொஞ்சம் திட்டவும் போகிறேன், அதனால் பேர் வேண்டாம். அண்ணன் பையன் அங்கே டீமில் ஆடுகிறான், மேட்ச் இருந்தால் போய்விடுவேன்.

முதலில் புல். தெருவுக்குத் தெரு டர்ஃப் போட்டு மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்குகிற ஊரில் நிஜப் புல்லை வளர்த்துக் காப்பாற்றுவதே பெரிய காரியம். ஒட்ட வெட்டி, காலையில் ஸ்பிரிங்க்ளர் ஓட விட்டு, மாலையில் தரை சொதசொதவென்றும் இல்லாமல் கட்டாந்தரையாகவும் இல்லாமல் பக்குவமாக வைத்திருக்கிறார்கள். சறுக்கி டேக்கிள் போட்ட பையன்கள் முட்டியைத் தட்டிவிட்டு எழுந்து ஓடுகிறார்கள், டர்ஃபில் அப்படி விழுந்தால் தோல் வழன்றுவிடும். கோலி நிற்கிற இடத்தில் மட்டும் ஒரு பாய் அளவுக்குப் புல் தேய்ந்து செம்மண் தெரிகிறது. பிராக்டிஸுக்கு நகர்த்துகிற போஸ்ட் வாங்கிப் போட்டாலே அது சரியாகிவிடும். அளவும் முழு அளவு, 105-க்கு 68 மீட்டர். டர்ஃபில் அஞ்சு பேர் ஆட்டம் ஆடிப் பழகியவர்களுக்கு இடைவேளைக்கு முன்பே நாக்குத் தள்ளிவிடுகிறது!

அடுத்தது, சுற்றி டிராக் கிடையாது. நம்ம நேரு ஸ்டேடியத்தில் கேலரிக்கும் கோட்டுக்கும் நடுவே ஓட்டப்பந்தய டிராக் கிடக்கிறது. 2019 மார்ச்சில் சென்னை சிட்டி கிளப் அங்கேதான் ஐ-லீக் என்கிற தேசிய ஃபுட்பால் லீக் பட்டத்தை ஜெயித்தது (பேர்தான் சென்னை, அப்போது சொந்த மைதானம் கோயமுத்தூர்). அங்கே எதிர்முனையில் கோல் விழுந்தால் யார் அடித்தது என்று பக்கத்து சீட்டைக் கேட்க வேண்டும். இங்கே கோச் போடுகிற சத்தம் முதல் படி வரை கேட்கிறது, லைன்ஸ்மேனிடம் "ஏனுங்க, அது ஆஃப்சைடுங்களா?" என்று மரியாதையாகவே சண்டைக்கும் போகலாம்.

இனி கூரை. மைதானம் வடக்கு தெற்காக இருக்கிறது, இரண்டு கோலிக்கும் சாயங்கால வெயில் நேராகக் கண்ணில் படாது, அதுவரை சரி. கூரையை மட்டும் கிழக்குக் கேலரிக்குப் போட்டிருக்கிறார்கள், மெயின் கேட் அந்தப் பக்கம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. நாலு மணி மேட்சுக்கு வெயில் மேற்கிலிருந்து சாய்ந்து கூரைக்கு அடியிலேயே நுழைந்துவிடும், குஷன் சேரில் உட்கார்ந்திருக்கும் விஐபிகள் எல்லோரும் நெற்றியில் கை வைத்துக்கொண்டுதான் ஆட்டம் பார்க்கிறார்கள். நீங்கள் மேற்குப் பக்கம் மொட்டைப் படியில் உட்காருங்கள், வெயில் முதுகுக்குப் போய்விடும். சிமெண்ட் மத்தியானச் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், மடித்துப் போட ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனி, ஆடியில் போனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றையும் சேர்த்துப் பார்க்கலாம். கோலி உயரத் தூக்கி அடிக்கிற பந்து பாதி வழியில் மனசு மாறிக் கிழக்கே போய் த்ரோ-இன் ஆகிவிடும். உள்ளூர்ப் பையன்கள் அந்த மாதங்களில் தரையோடு பாஸ் போட்டே ஆடுவார்கள், வெளியூர் டீம் அதைப் புரிந்துகொள்வதற்குள் ஒரு கோல் வாங்கியிருக்கும்.

ஃப்ளட்லைட் இருக்கிறது, ஒரு மூலை கொஞ்சம் மங்கல். குடிதண்ணீர் தாராளம். கேன்டீனில் டீ சுமார், கேட்டுக்கு வெளியே வருகிற காளான் வண்டியே மேல்.

டிரெஸ்ஸிங் ரூம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு ரூம், ஷவர், லாக்கர் எல்லாம் உண்டு, ஆனால் பெண்கள் மேட்ச் நடக்கிற அன்றைக்கும் இரண்டிலும் ஆண்கள் டீமின் பைகள்தான் கிடக்கின்றன. பிள்ளைகள் எதிர் பில்டிங்கில் காலி வகுப்பறையைப் பூட்டிக்கொண்டு ஜெர்சி மாற்றிவிட்டு வருகிறார்கள். இத்தனை செலவு செய்தவர்கள் ஒரு ரூமை அவர்களுக்கென்று ஒதுக்கி, சாவியை அந்த டீம் கேப்டன் கையில் கொடுக்கட்டும், அதற்குக் காசுகூட வேண்டாம்.