பேங்க் ஓடிபி எந்த சிம்முக்கு? ஏர்டெல், ஜியோ, பி.எஸ்.என்.எல். ஒரு ஒப்பீடு

எங்கள் வீட்டில் மூன்று கம்பெனி சிம்மும் இருக்கிறது. சிக்னல், ரீசார்ஜ் விலை பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: பேங்க் ஓடிபி வரும் நம்பரை இவர்களில் யாரை நம்பிக் கொடுக்கலாம்?

மூன்றிலும் ஓட்டை விழுந்திருக்கிறது. 2019 டிசம்பரில் ஏர்டெல் ஆப்பில் ஒரு குறை வெளியே வந்தது, செல் நம்பர் மட்டும் தெரிந்தால் போதும், அந்த ஆளின் பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்ற நிலை, 30 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள். ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னதும் சரிசெய்தார்கள். 2020-ல் ஜியோவின் கொரோனா அறிகுறி சோதனைத் தகவல்கள் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தன, அதையும் மூடினார்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது பி.எஸ்.என்.எல். விஷயம். ஊடுருவல் நடந்திருக்கலாம் என்று செர்ட்-இன் (இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) சொன்னது 2024 மே 20. ஒரு எஃப்.டி.பி. சர்வரில் (ஃபைல்களைப் பரிமாறும் கம்ப்யூட்டர்) இருந்த தகவலும், கசிந்தது என்று செர்ட்-இன் காட்டிய சாம்பிள் தகவலும் ஒத்துப்போகின்றன என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது ஜூலையில். ஹெச்.எல்.ஆர். (எந்த நம்பர் எந்த சிம்மில் என்ற விவரம் இருக்கும் மையப் பதிவேடு) வரை யாரும் நுழையவில்லை என்றார்கள், அது பெரிய ஆறுதல்தான், ஆனாலும் சிம் வைத்திருப்பவனுக்கு இரண்டு மாதம் ரொம்ப நீளம்.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்தியது கடை கவுண்டர். அப்பாவுக்குப் புது சிம் வாங்கப் போனோம், எல்லா கம்பெனி சிம்மும் விற்கிற சின்னக் கடை. மெஷினில் கட்டைவிரலை வைத்தார். "விழல சார், இன்னொரு தடவை வைங்க" என்றான் பையன். அப்பா விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார். மூன்று வாரம் கழித்து சஞ்சார் சாத்தி தளத்தில் (நம் பெயரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று காட்டும் அரசுத் தளம்) பார்த்தால் அவர் பெயரில் எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நம்பர்! அந்த இரண்டாவது தடவை வைத்த விரலில் இன்னொரு சிம் எடுத்துவிட்டார்கள் போல. 'என் நம்பர் இல்லை' என்று புகார் கொடுத்து கட் பண்ண வைத்தோம். அதை வைத்து யாராவது யாரையாவது ஏமாற்றியிருந்தால் போலீஸ் முதலில் வந்து நிற்பது அப்பா வாசலில். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

அதே நம்பருக்குப் புது சிம் மாற்றி வாங்கினால் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, 7 நாளைக்கு வேறு கம்பெனிக்கு மாற முடியாது (இது 2024 ஜூலையிலிருந்து). இந்த விதிகள் மூவருக்கும் பொது, அதனால் இதை வைத்து யாருக்கும் கூடுதல் மார்க் போட முடியாது. ஏர்டெல்லில் 2024 செப்டம்பரிலிருந்து தனி ஆப் எதுவும் இல்லாமலே ஸ்பேம் அழைப்புக்குத் திரையில் எச்சரிக்கை வருகிறது, வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இது உண்மையிலேயே உதவும்.

அதனால் பேங்க் நம்பர் ஏர்டெல்லில், டேட்டாவுக்கு ஜியோ, ஊருக்குப் போனால் பி.எஸ்.என்.எல். அப்புறம், அப்பாவை இப்போது யாராவது இரண்டாவது முறை விரல் வைக்கச் சொன்னால், முதல் தடவை என்ன ஆச்சு என்று திரையைத் திருப்பிக் காட்டச் சொல்கிறார்.