கடலோர வீட்டில் ஏழு ஆண்டுகள், இரண்டு கத்திகள்

தூத்துக்குடியில் கடற்கரைக்கு அருகில் வீடு. ஜன்னல் கம்பிகளே அடிக்கடி பெயிண்ட் கேட்கும் காற்று. இந்தக் காற்றில் ஏழு ஆண்டுகளாக இரண்டு கத்திகளைப் புழங்கியிருக்கிறேன். ஒன்று, 1.4116 என்ற ஜெர்மன் எஃகில் செய்த சமையலறைக் கத்தி. மற்றது, டி2 எஃகில் செய்த மடக்குக் கத்தி. இரண்டிலும் துரு வந்தது. ஒன்றை மன்னித்துவிட்டேன்.

முதல் மாதமே பஞ்சாயத்து தொடங்கியது. ஊறுகாய்க்கு நார்த்தங்காய் நறுக்கிவிட்டு, உப்பும் சாறும் ஒட்டிய சமையலறைக் கத்தியை இரவு முழுக்க அப்படியே போட்டுவிட்டேன். காலையில் பார்த்தால் அலகில் மிளகாய்த்தூள் தூவியதுபோல் புள்ளிகள். "எவர்சில்வர் என்று சொல்லி உன் தலையில் கட்டிவிட்டார்கள். என் கல்யாணத்துக் குடம் இன்னும் பளபளவென்று இருக்கிறதே!" என்றார் அம்மா.

நியாயமான கேள்விதான். நல்ல பாத்திர எவர்சில்வரில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், கார்பன் சொற்பம். துருவுக்கு எளிதில் மசியாது. ஆனால் எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் கடினமாகாது, கூர் நிற்காது. கூருக்குக் கார்பன் வேண்டும். அந்தக் கார்பனோ குரோமியத்தில் ஒரு பங்கைத் தன்னோடு சேர்த்து, கார்பைடு என்ற கடினமான துகள்களாக இழுத்துவைத்துக்கொள்ளும். மிஞ்சிய குரோமியம்தான் ஆக்சிஜனோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத படலமாக அலகைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடும்.

1.4116 எஃகில் சுமார் 0.5 சதவீதம் கார்பன், 15 சதவீதம் குரோமியம், சமாளிக்கிறது. டி2 எஃகில் கார்பன் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். துருப்பிடிக்காத எஃகுக்கு 10.5 சதவீதக் குரோமியம் போதும் என்பார்கள். அந்தக் கணக்கில் டி2 தேறிவிடுகிறது; என் சட்டைப்பையில் தோற்றுவிட்டது. வியர்வை பட்டே திருகாணி ஓரமும் பொறித்த எழுத்துகளும் சிவந்தன. ஒரு மழைக்காலம் தோல் உறையில் போட்டு மறந்தேன். எடுத்தபோது அலகு முழுவதும் குழிகள். சமையல் சோடாவைக் குழைத்துத் தேய்த்ததில் சிவப்பு போனது, குழி போகவில்லை. கூர் விஷயத்தில் மட்டும் அதைக் குறை சொல்ல மாட்டேன்; மாதக்கணக்கில் சாணை கேட்காது. சமையலறைக் கத்தியை வாராவாரம் தீட்டுகிறேன்.

எங்கள் தவறுகளும் உண்டு. இரும்பு நாரால் தேய்த்தபோது, அதன் துணுக்குகள் அலகில் ஒட்டித் துருப்பிடித்து, கத்தியின் மேல் பழி விழுந்தது. உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் கழுவித் தானே காயவிட்டது அடுத்தது. இப்போது கடைசியாக ஒரு குவளை குடிநீர் ஊற்றி, உடனே துடைத்துவிடுகிறேன். கைப்பிடியும் அலகும் சேரும் இடுக்கில் மட்டும் லேசான சிவப்பு திரும்பத் திரும்ப வருகிறது. ஈரம் தங்கி, ஆக்சிஜன் எட்டாத இடம். அங்கே படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வழியில்லை.

மடக்குக் கத்தியைக் கோவையில் இருக்கும் மைத்துனருக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே போய் ஒரு வருடமாகிறது. புதிதாக ஒரு புள்ளிகூட வரவில்லை என்கிறார்.