அடியில் விலா எலும்பு வைத்த மேசை

ஆறு வருஷமாக வைத்திருக்கிறாயே, வாங்கலாமா என்று நண்பன் போனில் கேட்டான். ரம்பம், கடைசல், நின்ற டிரில், படுத்த டிரில், வட்டத் தேய்ப்பு என்று ஐந்து வேலையை ஒரே மோட்டாரில் பார்க்கும் வீட்டு மரவேலை மெஷினைத்தான் கேட்கிறான். மோட்டார் சக்தி, பிளேடு அளவு எல்லாம் அவனே படித்துவிட்டிருந்தான். அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. மோட்டார் ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. இத்தனை வருஷமும் நான் திட்டியது அதன் மேசையைத்தான்.

மேலே பார்த்தால் வழவழவென்று வார்ப்பு அலுமினியம். அடியில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள், கட்டம் கட்டமாக விலா எலும்பு. எடை ஏறாமலும் வளையாமலும் இருக்க அப்படித்தான் வார்ப்பார்கள், நியாயம்தான். ஆனால் மரத்தை மேசையோடு இறுக்கும் சி கிளாம்பின் பாதம் உட்கார அங்கே சமமான இடம் வேண்டாமா? எங்கே வைத்தாலும் பாதி விலா மேல், பாதி பள்ளத்தில். இறுக்க இறுக்கக் கோணலாகச் சரியும்.

இது வெறும் எரிச்சல் இல்லை என்று ஒரு அலமாரிக் கதவு கற்றுக்கொடுத்தது. கதவில் பதிக்கும் கப் கீலுக்கு நின்ற டிரிலில் 35 மில்லிமீட்டர் குழி. பாதி ஆழம் போனதும் பிட் (துளையிடும் அலகு) மரத்தைக் கவ்வியது, கிளாம்ப் விலாவிலிருந்து நழுவியது, கதவு ஒரு சுற்றுச் சுற்றி என் விலாவில் வந்து இடித்தது. (கணக்கு சரியாகிவிட்டது.) அன்றிலிருந்து நீளமான மரம் எதுவானாலும் நீண்ட பக்கம் எனக்கு இடப்புறம் இருக்கும், அதன் பின்விளிம்பு மெஷினின் தூணில் முட்டி நிற்கும். மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் திசையில் சுற்றுகிறது. மரத்தை இழுத்தாலும் இடது முனை பின்னால் போய்த் தூணில் இடிக்குமே தவிர என்னை நோக்கி வராது. சின்னத் துண்டை மட்டும் கையால் பிடிக்கவே கூடாது.

கடைசியில் 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஒரு மேல்மேசை செய்தேன். அடியில் இரண்டு கட்டைகள் மேசையின் ஓரங்களைக் கவ்வும். மேலே டி வடிவத் தடம் இரண்டு பதித்தேன், அழுத்திப் பிடிக்கும் கிளாம்ப் எங்கே வேண்டுமானாலும் நகரும். பிட் இறங்கும் இடத்தில் மாற்றக்கூடிய ஒரு சதுரத் துண்டு, துளையின் அடிப்பக்கம் பிய்யாமல் இருக்க. அருமையாக இருக்கிறது. ஆனால் ரம்பத்துக்கு மாறும்போதெல்லாம் கழற்ற வேண்டும். ஒரு பலகையை அறுக்க மறந்திருந்தால் போச்சு, மறுபடி எல்லாவற்றையும் பிரி, மாட்டு, அளவு பார். மெஷினோடு வர வேண்டியதை நானே செய்துகொண்டதோடு, அதைத் தூக்கி வைக்கும் வேலையும் என் தலையில்.

மரத்தைக் கோணம் மாறாமல் ரம்பத்துக்குத் தள்ளும் மைட்டர் கேஜ், மேசைப் பள்ளத்தில் லேசாக ஆடியது. பள்ளத்தில் ஓடும் அதன் பட்டையின் பக்கவாட்டில் சென்டர் பஞ்சால் நாலைந்து குத்து, உலோகம் பிதுங்கி ஆட்டம் நின்றுவிட்டது. கேஜின் முகத்தில் உப்புத்தாள் ஒட்டியதில் மரமும் வழுக்குவதில்லை. அறுக்கும்போது மரத்தைப் பக்கவாட்டில் அழுத்திப் பிடிக்கும் சீப்புப் பலகை வாங்குவதானால் கிளாம்ப் கேட்காமல் பள்ளத்துக்குள்ளேயே விரிந்து பிடிக்கும் ரகமாக வாங்குங்கள். அது பிளேடுக்கு முன்னால்தான் அழுத்த வேண்டும். அறுபட்ட பகுதியை அழுத்தினால் வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும், மரம் உங்கள் மேலேயே பாயும். கடைசலுக்கு, மரத்தைக் கவ்விச் சுழற்றும் நான்கு தாடைச் சக் நல்லதுதான். மாட்டும் அடாப்டரின் சிறு திருகை மட்டும் ஒவ்வொரு முறையும் தொட்டுப் பார்த்துவிடுவேன்.

சரி, படுத்த டிரிலுக்கு வருவோம். வாங்கியபோது இது எதற்கு என்று நினைத்தேன். ஆள் உயரப் பலகையின் முனையில் டவல் (மூட்டுக்குள் செருகும் உருண்டை மரக்குச்சி) துளை போட வேண்டுமென்றால், சாதாரண நின்ற டிரிலில் அந்தப் பலகையை எப்படி நிறுத்துவது? இதில் அதை மேசையில் படுக்க வைத்து, ஃபென்ஸ் என்ற தடுப்புப் பட்டையில் முட்ட வைத்து, பிடியைத் திருப்பினால் பிட் தானாக வந்து முனையைத் துளைக்கிறது. மேசை உயரத்தை ஒருமுறை பூட்டிவிட்டால் எல்லாத் துளையும் பலகையின் முகப்பிலிருந்து (வெளியே தெரியப்போகும் பக்கம்) ஒரே தூரம். முகப்பு எப்போதும் கீழே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மரத்தின் எடையே பாதிப் பிடிமானம், கிளாம்ப் பேருக்குத்தான். முதல் மூட்டு ரப்பர் சுத்தியல் தட்டில் மயிரிழை பிசகாமல் சேர்ந்தபோது, சாப்பிடக் கூப்பிட்ட வீட்டுக்காரியை வரவழைத்துக் காட்டினேன். பலகைதானே என்றாள்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, வாங்காதே என்றேன். நேற்றுத்தான் அந்த மேல்மேசையை மூன்றாவது முறை கழற்றியிருந்தேன், அந்தக் கடுப்பு.

அப்படியானால் உன்னுடையதை எனக்குக் கொடுத்துவிடு என்றான்.

ஒரு மேசைச் சட்டத்துக்கு எட்டு மூட்டு, 32 டவல் துளை பாக்கியிருக்கிறது, அது முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று போனை வைத்தேன்.