ஏற்காடு ஏரியில் அப்பா மிதித்த படகு

எங்களுக்குக் கடலூர் தேவனாம்பட்டினம். அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கிழிந்த வலையெல்லாம் பின்னி முடித்துத் திண்ணையே கதி என்று கிடந்தவரை, மே மாதம் ஏற்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். விருத்தாசலம், ஆத்தூர் வழியாக சேலம், அங்கிருந்து வேறு பஸ். மலையேற 20 கொண்டை ஊசி வளைவு. எந்த அலைக்கும் அசராத மனுஷன் பன்னிரண்டாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்.

ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், வெயில் உறைக்கவில்லை. ஏரியில் மிதிபடகு எடுத்தோம். லைஃப் ஜாக்கெட்டைக் கையில் வாங்கியதுமே, "இந்தக் குளத்துக்கு இது வேறயாடா?" என்றார். ஆனாலும் போட்டுக்கொண்டார். உட்கார்ந்ததும் அடுத்த கேள்வி: "துடுப்பு எங்க? இதுல அணியம் எது, அமரம் எது?" படகின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். மிதிக்க மிதிக்க முட்டி வலிதான் மிச்சம். நடு ஏரியில் நிறுத்திவிட்டு, கையை நனைத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "வாடைக் காத்தும் இல்ல, கச்சான் காத்தும் இல்ல. சுத்தி மலை, காத்து வழி தெரியாம சுத்துதுடா." அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

பிள்ளைகளோடு போனால் மிதிபடகு சரி. வயசானவர்களுக்குத் துடுப்புப் படகுதான் தோது, ஆள் வைத்தே ஓட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், வரிசையிலேயே பொழுது போய்விடும்.

தங்கின இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. "ரூமிலிருந்தே ஏரி தெரியும் சார்" என்றுதான் போனில் சொன்னார்கள். தெரிந்தது, பாத்ரூம் பக்கெட்டைக் கவிழ்த்து மேலே ஏறி நின்றால். வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழு வரைக்கும்தான். சீசன் என்று வாடகை மட்டும் இரட்டிப்பு. பணம் கட்டுமுன் அறையைப் பார்த்துவிடுங்கள்.

கிளியூர் அருவியில் கோடைக்குப் பாறைதான் இருந்தது. சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டோம். ஏரிக்கரையில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, அந்தக் குளிருக்கு இரண்டு தட்டு போனது. மிளகு கால் கிலோ வாங்கினோம். அம்மா நண்டுக்கு அரைத்துப் போட்டபோது தெரு வரை வாசம்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் அப்பாவைக் காணோம். படகுத்துறை எப்போது திறக்கும் என்று வாசலிலேயே நின்றிருக்கிறார். இந்த முறை துடுப்புப் படகு. ஓட்டின தம்பிக்குத் துடுப்பு போடுவது எப்படி என்று பாடம் நடத்திவிட்டு, பசியோடு வந்து சேர்ந்தார்.