பழைய மெயிலைத் திறந்து தருகிறேன் என்பவரிடம் சிக்காதீர்கள்

பத்து வருடமாக வைத்திருந்த ஜிமெயிலின் பாஸ்வேர்டு மறந்துபோனது. அதோடு இணைத்திருந்த போன் நம்பரையும் எப்போதோ விட்டுவிட்டேன். கூகுளின் மீட்புப் பக்கத்தில் எத்தனை முறை முட்டியும் பலனில்லை. அப்போதுதான் டெலிகிராமில், 'எந்த மெயிலையும் 24 மணி நேரத்தில் உடைத்துத் தருவோம்' என்று ஒருவர் அகப்பட்டார். சொந்த அக்கவுண்ட்தானே, இதில் என்ன தப்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பாதிப் பணத்தை கிரிப்டோவில் முன்னதாகவே வாங்கிக்கொண்டார். மறுநாள், 'உள்ளே போயாச்சு சார்' என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. மேலே என் முகவரி, கீழே மங்கலாக்கிய மெயில்கள். சந்தோஷத்தில் மீதியையும் அனுப்பிவிட்டேன். அப்புறம்தான் நிதானமாகப் பார்த்தேன். என் ஜிமெயிலில் மெனு முழுக்கத் தமிழில் வைத்திருந்தேன்; அந்தப் படத்தில் அத்தனையும் ஆங்கிலம்!

கேட்டதற்கு ஆள் அசரவே இல்லை. "சர்வர் மாறினதால் அப்படித் தெரியுது சார். உங்க புது மெயிலோட இணைக்கிறேன், போனுக்கு ஒரு கோடு வரும், அனுப்புங்க" என்றார். அனுப்பினேன். திட்டுபவர்கள் திட்டிக்கொள்ளலாம். யாரிடமும் பகிராதீர்கள் என்று அந்த மெசேஜிலேயே எழுதியிருந்தது. நான் தினமும் பயன்படுத்தும் மெயிலின் பாஸ்வேர்டை மாற்றுவதற்கான கோடு அது. ஐந்து நிமிடத்தில் அந்த மெயிலும் கைவிட்டுப் போனது.

மீட்பு நம்பரை யாராவது மாற்றினாலும், பழைய நம்பருக்கு 7 நாள் வரை கோடு அனுப்பும் வசதி கூகுளில் உண்டு. அந்தப் புண்ணியத்தில் தினமும் பயன்படுத்தும் மெயிலை அன்றிரவே திரும்பப் பிடித்தேன். பாஸ்வேர்டை மாற்றியதோடு விட்டிருந்தால் மறுபடி மாட்டியிருப்பேன். செட்டிங்ஸில், வரும் மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் பார்வர்டிங் பகுதியில் தெரியாத முகவரி ஒன்று உட்கார்ந்திருந்தது. மெயில்களைத் தானாகப் பிரிக்கும் பில்டரில், வங்கியிலிருந்து வருவதெல்லாம் நேராகக் குப்பைக்கு.

கூகுளும் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வை அப்புறம்தான் படித்தேன். வாடிக்கையாளர் வேடத்தில் இப்படிப்பட்ட 27 சேவைகளை அணுகியிருக்கிறார்கள். 10 பேரிடமிருந்து பதிலே இல்லை. 12 பேர் பேசியதோடு சரி. வேலையில் இறங்கியவர்கள் 5 பேர்தான். அவர்களும் நம்பியிருந்தது, தெரிந்தவர் பெயரிலோ வங்கி பெயரிலோ போலி மெயில் அனுப்பி பாஸ்வேர்டைப் பிடுங்குவதைத்தான். என்னிடம் அந்த மெனக்கெடல்கூடத் தேவைப்படவில்லை.

பழைய மெயில் இன்னும் திறக்கவில்லை. போன வாரம் வேறு பெயரில் ஒருவன், 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறேன் சார், பாதி மட்டும் முன்பணம்' என்று மெசேஜ் போட்டிருந்தான்.